குறுக்குவழிக்கு ஒரு மாலை

ஒரு கைக்குள் தமனியும் சிரையும் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன. இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவருவது தமனி. திருப்பி எடுத்துப்போவது சிரை. இடையில் மயிரிழை போன்ற நுண்குழாய்கள், விரல் விரலாகப் போய் ரத்தத்தைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தன.

"இந்தப் பொடிசுகளிடம் கொடுத்தால் ஊர்ந்துதான் போகும். நேராக உன்னிடமே தந்துவிடுகிறேனே," என்றது தமனி.

"தாராளமாகக் கொடு," என்றது சிரை.

இரண்டும் ஒட்டிக்கொண்டன. ரத்தம் இரைந்துகொண்டு பாய்ந்தது. சிரை புடைத்துப் பருத்தது. நுண்குழாய்கள் வேலையில்லாமல் சுருங்கின.

சுண்டுவிரல் நீலம் பாரித்துப்போய்க் கேட்டது: "அண்ணே, எனக்கு இன்னும் ரத்தம் வரவில்லையே?"

"இவ்வளவு ஓடுகிறதே, சத்தம் கேட்கவில்லையா?" என்றது தமனி.

"சத்தம் நன்றாகக் கேட்கிறது அண்ணே."

"பிறகென்ன?"

ஆராய்ச்சி மருத்துவர்கள் வந்தார்கள். சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். திரையில் அந்த இணைப்பு மட்டும் ஜொலித்தது. விரல் இருந்த இடம் இருட்டாகக் கிடந்தது.

"இப்படி ஒரு இணைப்பை நான் பார்த்ததே இல்லை," என்றார் டாக்டர் ரெஜினா. "இதைக் கம்பிச்சுருள் வைத்து அடைத்துவிட்டு, விரல் தேறுகிறதா என்று நம் ஆய்வில் சேர்த்துப் பார்ப்போம்."

முதல் வாக்கியத்திலேயே இரண்டுக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை. மீதி காதில் விழவில்லை.

சற்று நேரத்தில், பளபளக்கும் கம்பிச்சுருள் ஒன்று வளைந்து வளைந்து உள்ளே வந்தது.

"மாலை போட வருகிறார்கள்!" என்று சிரை கூவியது.

தமனி அடக்கமாகக் கழுத்தை நீட்டியது.