ஒன்னி சொன்ன பட்டியல்

“தண்ணியை முழுசா வடிச்சியா? சொட்டு மிச்சம் இருந்தாலும் உறைஞ்சு என்ஜின் பிளந்துடும்” என்றாள் ஹில்க்கா.

“வடிச்சிட்டேன் தாயே” என்றான் அவள் புருஷன் ஆர்வோ, படகுக்குள் தலையைக் கவிழ்த்தபடியே.

போன அக்டோபரிலும் இப்படித்தான் அடித்துச் சொன்னான். வசந்தத்தில் மூடியைத் திறந்தால் என்ஜினில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. புது என்ஜின் வாங்க வேண்டியதாயிற்று. கோடை முழுக்க அதைச் சொல்லியே ஹில்க்கா அவனை வறுத்தெடுத்தாள்.

இந்த முறை அவள் விடுவதாக இல்லை. படகுப் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒன்னி போனில் சொல்லச் சொல்ல எழுதிய பட்டியலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். இன்று ராத்திரி உறைபனி விழும் என்று ரேடியோ சொல்லிவிட்டது. கிளம்புவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். நாலு மணிக்குத் துர்க்கு நகரில் ஃபிளாட்டுக்குக் கையெழுத்து. ஐந்து நிமிஷம் தாமதித்தாலும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்த ஃபிளாட்டுக்காக அவள் மூன்று வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறாள். விறகு பிளக்க வேண்டாம், கிணற்றில் இறைக்க வேண்டாம், எதிரிலேயே நூலகம், ஏறி இறங்க லிஃப்ட். ஆர்வோவுக்கு இது எதுவும் மண்டையில் ஏறவில்லை. மூணாவது மாடியிலிருந்து நான் எங்கே வலை போடுவேன் என்று முனகிக்கொண்டே இருந்தான். போன வாரம் என்ன நினைத்தானோ, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து பெட்டிப்பாம்பாக அடங்கிக் கிடந்தான். அவளுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

காலையிலேயே படகைக் கரைமேல் இழுத்து ஏற்றியாயிற்று. பழைய எண்ணெயை எடுத்துப் புது எண்ணெய் விட்டான். உறையாத கூலன்ட் ஊற்றினான். பம்பிலிருந்த ரப்பர் சக்கரத்தை உருவினான். பேட்டரியைச் சுமந்துபோய்ச் சமையலறையில் வைத்தான். அவள் ஒவ்வொன்றாக டிக் அடித்தாள்.

தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியிடம் வந்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தான். “இதையும் கழட்டணுமா ஹில்க்கா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“பட்டியல்ல இருக்கு, கழட்டு. உன் யோசனையாலதான் போன வருஷம் என்ஜின் போச்சு.”

கழற்றினான். கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றினான். படகின்மேல் தார்ப்பாய் போட்டு, பன்னிரண்டு முடிச்சு போட்டான்.

ஹில்க்கா சுற்றி வந்து பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாகக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. மனசு நிறைந்துபோயிற்று.

“ஒன்னிகூட இவ்வளவு சுத்தமா செஞ்சிருக்க மாட்டான்யா. இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா நமக்குள்ள சண்டையே வந்திருக்காது” என்றாள்.

தொப்பியை மாட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு வந்தாள். “மணி ஒண்ணாச்சு. கிளம்பு, போலாம்.”

ஆர்வோ நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டான். நாலாபுறமும் விரிந்து கிடந்த கடலை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

“எதுல?” என்றான்.

பக்கத்து வீட்டார் எல்லாரும் போன வாரமே தங்கள் படகுகளில் போய்விட்ட அந்தக் குட்டித் தீவில், மிச்சமிருந்த ஒரே படகை அவள்தான் மே மாதம் வரைக்கும் தூங்க வைத்திருந்தாள்.