ஒட்டிய முகம்

ஆதார் அட்டையில் அம்மா வெறும் கரித்திட்டு. வேறு போட்டோ கிடையாது. செல்லக்கிளி பட்டம் வாங்கிய அன்றுகூட போட்டோவுக்கு நிற்காமல் "நான் எதுக்கு" என்று ஒதுங்கிக்கொண்டாள் அம்மா. நாளைக்குக் காரியம்; மாலை போட ஒரு படம் வேண்டும். செத்துப்போனவளின் முகத்தைப் பழைய வாரப்பத்திரிகைகளை வெட்டி வெட்டி அட்டையில் ஒட்டி உண்டாக்கிக்கொண்டிருந்தாள் செல்லக்கிளி. புரட்டிய பக்கங்களில் பொம்பளைகள் எல்லாருக்கும் வெள்ளைத் தோல். அம்மாவின் நிறத்துக்கு மாட்டுத்தீவன விளம்பரத்து எருமையைத்தான் கிழிக்க வேண்டியிருந்தது. கன்னமும் நெற்றியும் மெல்ல வந்தன. கண்ணுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"யப்பா, அம்மா கண்ணு எப்படி இருக்கும்?"

"அவ எங்க தாயி நிமிந்து பாத்தா? ஏதாவது ஒண்ண ஒட்டு. யாருக்குத் தெரியப்போவுது."

வெட்டிவைத்த கண்களெல்லாம் நேராகப் பார்க்கிறவை. அதில் ஒரு ஜோடியை எடுத்து வைத்தாள். அதைப் பார்த்ததும் அப்பா எழுந்து வெளியே போனார். நிமிர்ந்து பார்க்கும் அம்மாவை அவளாலும் பார்க்க முடியவில்லை.