மாமாவுக்குப் பழசுதான் வேணுமாம்

"மாமா, உங்க ஒரு பிளேயருக்காக வீடே நொண்டியடிக்குது!"

மருமகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லியேவிட்டாள். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. நேற்று மீட்டிங்கில் அவள் முகம் பாதி வார்த்தையில் உறைந்து நின்றதில் மேனேஜர் எரிந்து விழுந்தார். இன்னொரு தடவை ஆனால் வேலைக்கே வேட்டு.

எல்லாம் மாமனாரின் பாட்டு பிளேயரால் வந்த வினை. அதற்குப் பழைய வைஃபை மட்டும்தான் ஒத்துவரும். அதற்காக ரூட்டரைப் பழைய மோடில் வைத்தால் மற்றதெல்லாம் ஆமை வேகம்.

"புதுசு வாங்கிட்டேன், பாருங்க. அதே கம்பெனி, அதே பட்டன். புது வைஃபைலயும் பாடும்."

"வேண்டாம்மா. பழைய மோடே இருக்கட்டும்."

"இதென்ன பிடிவாதம் மாமா!"

"கிழவன் பிடிவாதம்னே வெச்சுக்கோ."

அவர் கடைக்குப் போனதும் அவருடைய பழைய பிளேயரை எடுத்துப் பார்த்தாள். பேட்டரி உப்பி, முதுகே பிளந்து கிடந்தது. செத்துப்போய் மாசக்கணக்காகியிருக்கும்.

செத்த பிளேயருக்கு எதுக்கு வைஃபை? மனுஷனுக்கு மறை கழண்டுபோச்சா?

ஆத்திரத்தில் பழைய மோடை அணைத்தாள்.

பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு நின்றது.

அட, இதென்ன கூத்து! மறுபடி போட்டாள். கொஞ்ச நேரத்தில் பாட்டு வந்தது. அணைத்தாள். நின்றது. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"போட்டுடும்மா!" வாசலில் மாமனார், மூச்சு வாங்க. "பாவம், பக்கத்து வீட்டுக்காரர் கண்ணு தெரியாதவர். பொண்டாட்டி வேலைக்குப் போயிட்டா அவருக்கு அந்தப் பாட்டுதான் துணை."

"அவர் பிளேயரும் உங்களுது மாதிரி பழசா? சொல்லியிருந்தா இந்தப் புதுசை அவருக்கே குடுத்திருப்பேனே!"

"இனாம்னா தொடமாட்டாங்கம்மா, ரோஷக்காரங்க. 'என் பிளேயருக்காக எப்படியும் ஓடுது, நீங்களும் கேளுங்க'ன்னு பொய் சொல்லித்தான் வைஃபையே குடுத்தேன்."

அவள் புது பிளேயரை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணா, எங்க மாமாவோட தொல்லை தாங்கலை! அவரோட பிளேயர் கெட்டுப்போச்சு. புதுசு வாங்கிக் குடுத்தா தொடமாட்டேங்கறார், பழசுதான் வேணுமாம். உங்களுதைக் குடுத்துட்டு இதை வெச்சுக்கறீங்களா? எங்களுக்குப் பெரிய உபகாரமா இருக்கும்!"