புடலைக்குக் கட்டிய கல்

ஒத்தக்கடையில் புதிதாகக் கட்டிய வீட்டின் பின்புறம் அருண்பாண்டி தன் கையாலேயே ஒரு புடலைப் பந்தல் போட்டான். மீந்துபோன தண்ணீர்க் குழாய்களே அதன் கால்கள். பந்தல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"பந்தல்தான் கோணலாப் போச்சு. காயும் கோணலாத் தொங்குச்சுன்னா, பிரிச்சுப்போட்டு அந்த எடத்துல வண்டிய நிப்பாட்டிருவேன்," என்றாள் மனைவி இசைவாணி.

"எம் பந்தல் மேல ஒனக்கு எம்புட்டுப் பாசம்!" என்றான் அவன்.

புடலைப் பிஞ்சு சுருளாமல் நீள்வதற்கு அதன் நுனியில் கல் கட்டுவார்கள். அவனும் ஒவ்வொரு பிஞ்சிலும் நூலால் ஒரு சல்லிக்கல்லைக் கட்டினான். காய்கள் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் இறங்கின.

இசைவாணி அண்ணாந்து பார்த்தாள். "பரவாயில்லயே, கொத்தனாரே!" என்று சிரித்தவள், மிக நீளமான காயை ஒரு கையில் தாங்கிக்கொண்டு அதன் நுனியிலிருந்த நூலை அறுத்தாள்.

கல் விழவில்லை.

அருண்பாண்டி அதை விரலால் மெல்லத் தள்ளினான். கல் இருபுறமும் ஆடியது. ஆட்டம் அடங்கியதும் செங்குத்தாக நின்றது. அறுந்த நூலின் மேல்நுனி எதிலும் படாமல் வெறுங்காற்றில் இருந்தது.

"பந்தலப் பிரிச்சுரவா?" என்றான், குரல் இறங்கி.

"தொட்டுறாதீங்க," என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். "எம்புட்டு நேரா நிக்குது, பாருங்க."