செவத்திக்கோழி ஏறிய பாளை

செவத்திக்கோழி தன் ஆயுசு முழுக்க, ஊரார் கொண்டுவந்து வைத்த வாத்து முட்டைகளை அடைகாத்துப் பொரித்தது. குஞ்சுகள் பொரிந்ததுதான் தாமதம், நேராகக் குளத்தில் இறங்கிவிடும். நீந்தத் தெரியாத செவத்தி கரையில் நின்று, "ஐயோ, மேலே வாங்கடா!" என்று தொண்டை வறளக் கத்தும். ஒரு குஞ்சும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

வயதாகி அடைகாக்கும் வேலை ஓய்ந்ததும், குளத்து ஆமை அதற்குச் சிநேகமானது.

"அப்படி என்னதான் இருக்கு அந்தத் தண்ணிக்குள்ள?" என்று ஒருநாள் கேட்டது செவத்தி.

"வந்து பாரேன்டி," என்றது ஆமை.

செவத்தி யோசித்தது. கரையில் விழுந்து கிடந்த தென்னம்பாளையைக் காலால் தள்ளித் தள்ளித் தண்ணீரில் விட்டு, அதில் ஏறி நின்றது. ஆமை பாளையின் நுனியைக் கவ்வி இழுத்தது. பாளை ஆடியது. செவத்தி சிறகை விரித்துச் சமாளித்துக்கொண்டது.

கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த வாத்துகள் பதறி எழுந்தன. "அம்மா! இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை? மேலே வா!"

நடுக்குளத்தில் செவத்தி கழுத்தை நிமிர்த்தியது. "நான் கூப்பிட்டப்போ ஒருத்தராவது வந்தீங்களாடா?"

பிறகு ஆமையிடம் குனிந்து சொன்னது: "நீ இழு அக்கா. அக்கரையையும் பார்த்துட்டு வந்துடலாம்."