எல்லோருக்குமான சவுரி

பானுரேகாவின் வீட்டுச் சுவரில், ஆணியில் ஒரு சவுரி தொங்குகிறது. அவள் மகளாக எடுத்துக்கொண்ட ஷபானாவின் கூந்தலைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒட்ட நறுக்கி அனுப்பியபோது, தெருவிலிருந்த திருநங்கைகள் ஆளுக்கொரு கற்றை வெட்டிக் கொடுத்துப் பின்னியது. அதில் மருதாணிச் சிவப்பும் உண்டு, நரையும் உண்டு. ஷபானாவுக்கு முடி வளர்ந்ததும் அது, ஸ்டேஷனில் அடுத்து முடியை இழந்த கீர்த்தனாவின் தலைக்குப் போனது. பிறகு இன்னொருத்தி. மனு கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து கைதட்டிக் கத்திப் பார்த்தார்கள். அன்றைக்கு மட்டும் போலீஸ்காரர்கள் மூன்று பேருக்கு வெட்டினார்கள். சவுரி ஒன்றுதான் இருந்தது.

நாளைக் காலை விசாரணைக்கு வரச் சொல்லியிருப்பது யாமினியை. அவளுக்கு இடுப்பைத் தொடுகிற முடி. கத்தரிக்கோலைக் கொண்டுவந்து பானுரேகாவிடம் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"வெட்டிரும்மா. அவனுங்க பெருக்கிக் குப்பையில போடறதுக்கு, நம்ம சவுரியில சேரட்டும். திரும்பி வந்து நான்தானே வெச்சுக்கப் போறேன்."

"இது ஏன்டி நமக்கு முன்னாடியே தோணல?" என்றாள் ஷபானா. சுற்றி நின்றவர்கள் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

பானுரேகா ஒட்ட வெட்டினாள். வெட்டியதைச் சவுரியோடு சேர்த்துப் பின்னி, எண்ணெய் தடவி, ஆணியில் மாட்டினாள். சவுரி இப்போது தரையைத் தொட்டது.

யாமினி தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"ஏம்மா," என்றாள், "வெட்டறதுக்கு முடி இல்லேன்னா அவனுங்க என்ன பண்ணுவானுங்க?"