எட்டாவது கேள்வி

குட்டியைத் தூக்கக் குனிந்தவர் பால் தட்டில் காலை விட்டார். நான்கு நாய்க்குட்டிகள் ஓடிவந்து அவர் பேண்ட்டை நக்கத் தொடங்கின.

"ஆரம்பமே அமர்க்களம்!" என்றபடி கேள்வித்தாளை எடுத்தார் குட்டிகளை வளர்த்துத் தரும் அம்மாள். எட்டுக் கேள்விக்கும் ஒழுங்கான பதில் வராவிட்டால் யாருக்கும் குட்டி கிடையாது. போன வாரம் ஒரு டாக்டரே வெறுங்கையோடு திரும்பினார்.

"எந்தக் குட்டி வேணும்?"

"அதோ, ஒத்தைக் காது மடங்கினவன். மத்ததுக்கெல்லாம் என் பேண்ட் மேலதான் பாசம். அவன் ஒருத்தன்தான் என் மூஞ்சியைப் பாக்குறான்."

"பகல்ல யார் பாத்துப்பாங்க?"

"நான்தான். ரிட்டயர் ஆகி மூணு மாசமா வெட்டி ஆபீசர்."

"செருப்பைக் கடிச்சா திட்டுவீங்களா?"

"எங்க வீட்டுல திட்டு வாங்குறதுதான் என் வேலை. திட்டுற வேலை வேற ஆளுக்கு."

இப்படியே ஏழு கேள்விகள் முடிந்தன. அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏழையும் டிக் செய்தார்.

"எட்டாவது. மனைவிக்குச் சம்மதமா?"

அவர் முகம் தொங்கிப்போனது. "பத்து நாளா கெஞ்சுறேன். 'பாக்கலாம்'னு சொல்லியே இழுத்தடிக்கிறா. நாளைக்கு யாராவது இவனைத் தூக்கிட்டுப் போயிட்டா?"

"நேரா கேட்டுப் பாருங்களேன்."

அவர் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, முப்பது வருஷமாகத் தன்னோடு குடித்தனம் நடத்தும் அந்த அம்மாளையே பார்த்தார்.

"ஏம்மா, கட்டின புருஷனுக்குமா இத்தனை கேள்வி? உனக்குச் சம்மதமா, இல்லையா?"

எட்டாவது கட்டத்திலும் டிக் விழுந்தது.

"சம்மதம்!"